மறந்துரும் என்கிற வசதி

மூன்று வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம் வீடுகளில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். ஊசி போட அழைத்துப்போகும்போது ஐஸ்க்ரீம் வாங்கப் போவதாகச் சொல்லலாம். அதோடு கூடவே வளர்ந்த நாயை ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, காலையில் “நாயா? எந்த நாய்?” என்று கேட்கலாம். அதன் கண்முன்னாலேயே புருஷனும் பெண்டாட்டியும் தட்டை வீசிச் சண்டை போடலாம். யாராவது தயங்கினால் சமாதானம் தயாராக இருக்கிறது: “அதுக்கென்ன தெரியும், சின்னப் புள்ள. வளந்தா மறந்துரும்.”

இந்த நம்பிக்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. இரண்டரை வயதுக் குழந்தையோடு ஊட்டிக்குப் போய்வந்த ஒரு அம்மா, ஒரு மாதம் கழித்தும் அங்கே பார்த்த குதிரையைப் பற்றி அதனிடம் பேசிக்கொண்டிருந்தால், பார்ப்பவர்களுக்கு அது வெட்டிப் பேச்சு. எப்படியும் ஞாபகம் இருக்கப்போவதில்லை, அந்த நேரத்தில் ஏபிசிடியாவது சொல்லிக்கொடுக்கலாமே என்பார்கள். கொஞ்சம் படித்தவர்கள் மூளையைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். நினைவைப் பதித்துவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி முதிரவில்லை, எதுவும் பதிவாகாது, ஐந்து வயதுக்கு மேல் டூர் போனால் போதும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள்.

மறதி உண்மைதான். நம்மில் பெரும்பாலோருக்கு மூன்று வயதுக்கு முந்தைய வாழ்க்கை கையில் இல்லை. ஏழு வயது வரைக்குமே அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது. சிக்மண்ட் ஃப்ராய்ட் 1905இலேயே இதற்குக் ‘குழந்தைப்பருவ மறதி’ என்று பெயர் வைத்து, பாலுணர்ச்சி அமுக்கப்படுவதுதான் காரணம் என்று தன் வழக்கமான விடையையும் சொன்னார். விடையை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. கேள்வி அப்படியே நிற்கிறது. என் சண்டை மறதியோடு இல்லை. எப்படியும் மறக்கத்தானே போகிறது, அதனால் நாம் பேசுவதும் பேசாததும் ஒன்றுதான் என்கிற முடிவோடுதான். நாற்பது வருட ஆராய்ச்சி இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. எது தங்கும், எந்த வயதிலிருந்து தங்கும், எந்த வடிவில் தங்கும் என்பதில் வீட்டுப் பேச்சுக்கு, அதிலும் அம்மாவின் பேச்சுக்கு, பெரிய பங்கு இருக்கிறது.

‘பதிவே ஆகாது’ என்பதை முதலில் கழித்துவிடலாம். 2025இல் யேல் பல்கலைக்கழகத்தார் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நான்கு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான 26 குழந்தைகளை, விழித்திருக்கும்போதே, எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துப் படங்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரு படத்தை முதல் தடவை பார்க்கும்போது ஹிப்போகேம்பஸ் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததோ, அந்த அளவுக்கு அதே படம் திரும்ப வரும்போது குழந்தை அதை அடையாளம் கண்டு நின்று பார்த்திருக்கிறது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளிடம் இது தெளிவாகவே தெரிந்தது. முதிரவில்லை என்று நாம் கைகழுவிய அதே உறுப்புதான் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அடுத்து, எப்போது மறக்கிறது என்ற கேள்வி. இதை யாரும் கேட்பதில்லை என்பதே எனக்கு ஆச்சரியம். அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தின் பாட்ரீசியா பாவரும் மரீனா லார்கினாவும் கேட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் 83 பேர், அப்போது சமீபத்தில் நடந்தவற்றைப் பற்றிப் பெற்றோருடன் பேசியதைப் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு அதே குழந்தைகளில் சிலரை ஐந்து வயதில், சிலரை ஆறில், சிலரை ஏழில், எட்டில், ஒன்பதில் என்று தனித்தனியாகப் பார்த்து, அந்தப் பழைய சம்பவங்களைக் கேட்டார்கள். 2014இல் வெளியான முடிவு இது: ஐந்திலிருந்து ஏழு வயது வரை இருந்தவர்கள் 60 சதவீதத்துக்கு மேல் நினைவு வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதுக்காரர்களிடம் அது 35 சதவீத அளவுக்கு விழுந்துவிட்டது.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மூன்று வயதில் நடந்தது மூன்று வயதிலேயே அழிந்துபோவதில்லை. நான்கைந்து வருடம் பிள்ளையிடமே இருக்கிறது. பள்ளிக்கூடம் போய், எழுதப் படிக்கக் கற்று, பல் விழுந்து முளைக்கிற காலம் வரைக்கும் இருந்துவிட்டு, அப்புறம்தான் நழுவுகிறது. அந்த நான்கைந்து வருடமும் யார் கையில் இருக்கிறது? நம் கையில்தான். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மூன்று வயதில் பேசும்போது “அப்புறம்?”, “இன்னும் சொல்லு” என்று கேட்டு, பேச்சை எங்கே இழுத்துப் போவது என்பதைக் குழந்தைக்கே விட்டுக்கொடுத்த பெற்றோரின் பிள்ளைகள் பிற்பாடு கூடுதலாகச் சொன்னார்கள்.

மூளைக் கட்சிக்காரர்களிடம் இதைவிட வலுவான ஒரு வாதம் இருக்கிறது, அதை ஒளிக்கக்கூடாது. எலிக்குட்டியும் மறக்கிறது. அதற்கு எந்த அம்மா உட்கார்ந்து பேசினாள், எந்த அம்மா பேசாமல் விட்டாள்? டொரொன்டோவில் ஷீனா ஜாஸலின், பால் ஃப்ராங்க்லண்ட் குழுவினர் 2014இல் காட்டியது இது: பிறந்த புதிதில் ஹிப்போகேம்பஸில் புது நரம்பணுக்கள் மளமளவென்று உண்டாகின்றன, அவை ஏற்கெனவே இருக்கும் இணைப்புகளைக் கலைத்துவிடுகின்றன. வளர்ந்த எலியைச் சக்கரத்தில் ஓடவிட்டு இந்த உற்பத்தியைக் கூட்டினால் அதுவும் மறக்கிறது. குட்டி எலிக்கு உற்பத்தியைக் குறைத்தால் மறதி குறைகிறது. ஏறக்குறைய முதிர்ந்த மூளையோடே பிறக்கும் கினிப் பன்றிக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. எல்லாம் அருமையான வேலை. ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கப்போவதில்லை.

மனிதக் குழந்தைகள் எல்லாருக்கும் இதே மூளைதானே? அப்படியென்றால் எல்லாருடைய முதல் நினைவும் ஏறக்குறைய ஒரே வயதில் தொடங்கியிருக்க வேண்டும். நியூசிலாந்தின் டனீடன் நகரில் இருக்கும் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2000இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, பெரியவர்களிடம் அவர்களுடைய முதல் நினைவு எந்த வயதினது என்று கேட்டது. ஐரோப்பிய வம்சாவளியினருக்குச் சராசரியாக 43 மாதம். ஆசிய வம்சாவளியினருக்கு 58 மாதம். அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்கு 33 மாதம், அதாவது மூன்று வயதுக்கும் முன்னால். ஒரே ஊர், ஒரே கேள்வி, ஒரே வகை மூளை. இடைவெளி இரண்டு வருடத்துக்கு மேல். புது நரம்பணுக்கள் மாவோரிகளிடம் மட்டும் வேகம் குறைத்துக்கொண்டனவா என்ன?

மாவோரிகள் வீட்டில் பழையது பேசுவது ஒரு பண்பாடு. வம்சாவளியைச் சொல்லத் தெரியாதவனால் அங்கே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவே முடியாது. ஒட்டாகோவின் எலைன் ரீஸ், ஹார்லீன் ஹேன், ஷெல்லி மெக்டொனால்ட் மூவரும், குழந்தைக்கு அது பிறந்த கதையைச் சொல்லும்படி மாவோரி அம்மாக்களிடமும் ஐரோப்பிய வம்சாவளி அம்மாக்களிடமும் கேட்டுப் பார்த்தார்கள். மாவோரி அம்மாக்கள் அந்தக் கதையை விரித்துச் சொன்னார்கள். யாருக்கு என்ன தோன்றியது, யார் என்ன நினைத்தார்கள் என்பதெல்லாம் அதில் கூடுதலாக வந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் சி வாங் அமெரிக்க அம்மாக்களையும் சீன அம்மாக்களையும் ஒப்பிட்டபோதும் இதைப் போன்ற வித்தியாசத்தைத்தான் பார்த்தார். அமெரிக்க அம்மா நடந்ததைக் குழந்தையோடு சேர்ந்து விரிக்கிறாள். சீன அம்மாவுக்கு நடந்ததிலிருந்து என்ன பாடம் என்பது முக்கியம். அங்கே முதல் நினைவு தாமதமாகத் தொடங்குகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் போட்டிக்குக் கிளம்ப வேண்டாம். முதல் நினைவு இரண்டரை வயதில் தொடங்குவது ஒன்றும் பதக்கம் இல்லை. தாமதமாகத் தொடங்கியவர்கள் வாழ்க்கையில் எதையும் இழந்துவிடவுமில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று: இந்த விஷயத்தில் மூளை மட்டும் தீர்ப்பு எழுதவில்லை.

என்ன மாதிரிப் பேச்சு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எமரியின் ராபின் ஃபிவுஷ் எண்பதுகளின் இறுதியிலேயே இரண்டு வகை அம்மாக்களைப் பிரித்துக் காட்டினார். ஒரு வகை, ஒவ்வொரு கேள்வியிலும் புதிதாக ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொண்டே போவது. பிள்ளை சொன்னதைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து விரிப்பது. இன்னொரு வகை, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது. ஆராய்ச்சிக்காரர்கள் பதிவு செய்த ஒலிநாடாக்களெல்லாம் வேண்டாம். நம் ஊர்க் காதுகுத்து வீடு ஒன்றில், விசேஷம் முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து, விருந்தாளிகள் முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். பையனுக்கு மூன்றரை வயது. மொட்டைத் தலையில் முடி கறுத்துக்கொண்டு வருகிறது.

“தம்பி, நாம எங்க போனோம்? பெரியம்மாகிட்ட சொல்லு.”

“கோயிலுக்கு.”

“எந்தக் கோயிலுக்கு?”

பதில் இல்லை.

“எந்தக் கோயிலுக்குடா? சாமி பேரு என்ன? சொல்லு. நேத்துக்கூடச் சொன்னியே. சொல்லு! அய்ய, தெரியாதாம்.”

பையன் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மாச்சி உரலை நிறுத்தாமலே ஆரம்பித்தாள்.

“அன்னைக்கு நீ மாமா மடியில உக்காந்திருந்தியே ராசா, அந்த ஆசாரித் தாத்தா வந்தாருல்ல, கையில என்னமோ வச்சிருந்தாரே...”

“கம்பி.”

“ஆமா, கம்பி. தங்கக் கம்பி. சும்மா மின்னுச்சு. அதப் பாத்துட்டு நீ மாமாவ என்ன பண்ணுன?”

முகம் வெளியே வந்தது. “கடிச்சேன்.”

“கடிச்சியா! எங்க?”

“இங்க.” தன் முழங்கையையே காட்டினான்.

“வலிச்சிருக்கும்ல உனக்கு, அதான் கடிச்சுட்ட. அப்பறம் மாமா என்ன சொன்னாரு?”

“ஆடு காட்டுறேன்னாரு. ஆடு மே மேன்னு கத்துச்சு. அது செவப்புத் துண்டு கட்டியிருந்துச்சு.”

துண்டா மாலையா என்று அங்கே ஒரு சின்ன விவாதம் நடந்தது. யார் சொன்னது சரி என்பது இருக்கட்டும். அம்மா கேட்ட நாலு கேள்விக்கும் விடை அவளுக்கே தெரியும், விருந்தாளிக்கும் தெரியும். அது பரீட்சை. பரீட்சையில் தோற்றுப்போன பிள்ளை, அந்தக் கோயிலைப் பற்றி அடுத்த முறை வாயைத் திறக்கவே யோசிக்கும். அம்மாச்சி ஒரு துண்டைக் கொடுத்து ஒரு துண்டை வாங்கிக்கொண்டாள். அவன் சொன்ன ஒற்றை வார்த்தையை ‘ஆமா’ என்று ஒப்புக்கொண்டு, அதோடு ‘தங்கம்’ என்றும் ‘மின்னுச்சு’ என்றும் சேர்த்துக் கொடுத்தாள். ஏன் கடித்தான் என்ற காரணத்தையும் வலியோடு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். முன்னது, பின்னது, காரணம், அப்போது மனசில் இருந்தது என்று ஒரு சம்பவத்தைக் கோத்து வைப்பது எப்படி என்பதை அந்தப் பையன் அங்கேதான் கற்றுக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாவைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. நாம் எல்லாரும் பிள்ளைகளை இப்படித்தான் விருந்தாளி முன்னால் நிறுத்துகிறோம். ‘யானை எப்படிக் கத்தும்? ரைம்ஸ் சொல்லு. மாமா பேரு சொல்லு.’ பேச்சு நிறையவே இருக்கிறது, எல்லாம் ஒப்பிக்கிற பேச்சு. வாயாடி அம்மாவாக இருந்தால் போதும் என்பதும் இல்லை. விளையாடும்போதும் சாப்பாடு ஊட்டும்போதும் ஓயாமல் பேசுகிற அம்மா, பழையதைப் பேசும்போதும் விரித்துப் பேசுவாள் என்று சொல்ல முடியாது என்பதை ஃபிவுஷும் கேத்தரின் ஹேடனும் காட்டியிருக்கிறார்கள். ஹேடனே நடத்திய இன்னொரு ஆய்வில், வீட்டுக்குள்ளேயே கூடாரம் போட்டு முகாம் போவதுபோல் அம்மாவும் குழந்தையும் நடித்து விளையாடினார்கள். எந்தெந்தப் பொருளை இருவரும் சேர்ந்து கையாண்டு, இருவரும் சேர்ந்து அதைப் பற்றிப் பேசினார்களோ, அவைதான் பிறகு குழந்தைக்கு அதிகம் நினைவிருந்தன. அம்மா மட்டும் பேசியவை அந்த அளவுக்கு நிற்கவில்லை.

சரி, இது முட்டையா கோழியா என்ற கதையாக இருக்கலாமே என்று ஒரு ஆட்சேபம் வரும். ஞாபகசக்தி உள்ள, வாய்த்துடுக்கான குழந்தை பிறந்ததால் அம்மாவுக்குப் பேச ஆசை வந்திருக்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு அம்மாக்களின் பேச்சை வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பதுதான் வழி. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கரோல் பீட்டர்சனும் கூட்டாளிகளும் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 20 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் அம்மாக்களுக்கு மட்டும் விரித்துப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். 1999இல் வெளியானது அது. பயிற்சி முடிந்து ஒரு வருடம் கழித்து, அந்தப் பாதிக் குழந்தைகள் தங்களுக்கு நடந்ததைச் சொல்வதில் மற்றவர்களைத் தாண்டியிருந்தார்கள். பிறகு 2007இல் எலைன் ரீஸும் ரோண்டா நியூகோமும் 115 அம்மாக்களை வைத்து இதையே டனீடனில் பெரிதாகச் செய்தார்கள். பயிற்சி பெற்ற அம்மாவோடு சேர்ந்து பேசும்போது குழந்தைகளின் நினைவுகள் செழித்தன. வெளியாளிடம் தனியாகச் சொல்லும்போது பலன் எல்லாரிடமும் தெரியவில்லை. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்ற அறிவு முன்னதாகவே வந்துவிட்ட குழந்தைகளிடம்தான் தெரிந்தது. அம்மாவின் பேச்சு மந்திரக்கோல் இல்லை என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி வேண்டாம். ஆனால் பேச்சை மாற்றினால் நினைவு மாறுகிறது என்பது இதோடு உறுதியாகிறது.

மொழியின் பங்கை இன்னும் கூர்மையாகக் காட்டுவது அதே டனீடனில் கேப்ரியல் சிம்காக், ஹார்லீன் ஹேன் செய்துபார்த்த ‘மாயச் சுருக்கு இயந்திரம்’. ஒரு பெரிய பெட்டி. விளக்கு எரியும், சத்தம் வரும். மேலே ஒரு பொம்மையைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால், அதே பொம்மை குட்டியாகக் கீழே வந்து விழும். 27, 33, 39 மாதக் குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு விளையாடின. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத் திரும்பப் போனார்கள். குழந்தைகளுக்கு இயந்திரம் நினைவிருந்தது. கையால் செய்துகாட்டின, படத்தைக் காட்டினால் அடையாளம் சொல்லின. இதற்குள் வார்த்தைகள் எத்தனையோ கற்றுக்கொண்டும்விட்டன. ஆனாலும் விளையாடிய அன்று வாயில் இல்லாத ஒரு வார்த்தையைக்கூட அந்த விளையாட்டைச் சொல்ல ஒரு குழந்தையும் பயன்படுத்தவில்லை. நடக்கும்போதே அதற்கு வார்த்தை கொடுப்பவர் யாராவது பக்கத்தில் இருந்தால்தான் பிற்பாடு சொல்வதற்கு ஏதாவது மிஞ்சும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஊட்டிக் குதிரையைப் பற்றி அங்கேயே, அதன் முன்னால் நின்றே பேசுகிற அம்மாவும் வெட்டி வேலை பார்க்கவில்லை.

இவ்வளவும் சொன்னபிறகு எதிர்த்தரப்பு தளத்தை மாற்றும். ‘அப்படியானால் அது குழந்தையின் நினைவே இல்லையே? அம்மா சொல்லிச் சொல்லி ஏற்றியது. பொய் நினைவு.’ இங்கே அவர்களிடம் ஒரு பெரிய சாட்சி இருக்கிறார்: ழான் பியாஜே. குழந்தைகளின் மனத்தை ஆராய்ந்தே உலகப் புகழ் பெற்றவர். தனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது பாரிஸின் ஷான்ஸெலிஸே சாலையில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்ததையும், ஒருவன் தன்னைக் கடத்த வந்ததையும், ஆயா குறுக்கே நின்று தடுத்ததில் அவள் முகத்தில் கீறல் விழுந்ததையும், குட்டை அங்கி போட்ட போலீஸ்காரர் வெள்ளைத் தடியோடு வந்ததையும் அவர் கண்ணால் கண்டதுபோல நினைவில் வைத்திருந்தார். அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது ஆயாவிடமிருந்து கடிதம் வந்தது. மனம் திருந்தியிருந்தாள். எல்லாம் தான் கட்டிவிட்ட கதை என்றும், பரிசாகக் கொடுத்த கடிகாரத்தைத் திருப்பித் தருவதாகவும் எழுதியிருந்தாள். பெற்றோர் நம்பிச் சொன்ன கதைதான் பிள்ளைக்கு நினைவாகிவிட்டது. இங்கிலாந்தில் 2018இல் 6,641 பேரிடம் முதல் நினைவைக் கேட்ட ஆய்வில் 893 பேர் ஒரு வயதோ அதற்கும் முன்போ நடந்ததைச் சொன்னார்கள். அதெல்லாம் பெரும்பாலும் இப்படிக் கேட்டும் பார்த்தும் சேர்ந்ததாகத்தான் இருக்கும் என்பது ஆய்வாளர்கள் முடிவு. நானும் அதை ஏற்கிறேன்.

ஆனால் பியாஜே கதையில் என்ன நடந்தது என்று கவனிக்க வேண்டும். பெற்றோர் அங்கே இல்லை. அவர்கள் கேள்விப்பட்டதை முழுக்கதையாகச் சொன்னார்கள். பையனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அவன் ஒரு துண்டைக்கூடச் சேர்க்கவில்லை. அம்மாச்சி செய்தது இதற்கு நேர்மாறு. அவளும் அங்கே இருந்தவள். பையன் கொடுத்ததை வாங்கிக்கொண்டுதான் அடுத்த அடி எடுத்து வைத்தாள். பேச்சு நினைவைக் கெடுக்கும் என்றால், மருந்தும் ஆளைக் கொல்லும்தான். அதற்காக யாரும் மருந்தே வேண்டாம் என்பதில்லை. இன்னொன்று, அடுத்தவர் வாய் படாத சுத்தமான நினைவு என்று பெரியவர்களிடமே ஏது? கல்யாணத்தன்று நடந்ததைப் புருஷனும் பெண்டாட்டியும் இருபது வருடமாக ஒருவரை ஒருவர் திருத்தித் திருத்தித்தான் வைத்திருக்கிறார்கள். அதை யாரும் பொய் நினைவு என்று தள்ளுவதில்லை.

நினைவு ஏற்றப்படும் என்று பயப்படுகிறவர்கள் நிஜமாகவே பயப்பட வேண்டிய இடம் வேறு. பிள்ளை வைத்திருக்கும் நினைவை அம்மாவே அடித்துவிடுவது. தடுப்பூசி போட்டுவிட்டு வந்த குழந்தை, “எனக்கு வலிச்சுது, நான் அழுதேன்” என்கிறது. “இல்லையே, என் தங்கம் அழவே இல்லையே, டாக்டரே சமத்துன்னு சொன்னாரே” என்கிறோம். பாராட்டு மாதிரி இருக்கிறது. நடந்தது நடக்கவில்லை என்று பிள்ளைக்குச் சொல்கிறோம் என்பதுதான் விஷயம். வலித்தது, அழுதாய், அம்மா தூக்கிக்கொண்டேன், வீட்டுக்கு வந்து ஐஸ் வைத்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆண்பிள்ளையாக இருந்துவிட்டால் இந்த அழிப்பு இன்னும் மும்முரமாக நடக்கும்: சிங்கக்குட்டி அழுமா! அமெரிக்காவில் ஃபிவுஷ், ரீஸ், ஹேடன் பார்த்ததும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. அம்மா, அப்பா இருவருமே மகளிடம்தான் பழையதை விரித்துப் பேசினார்கள், மகனிடம் சுருக்கிக்கொண்டார்கள்.

‘எல்லாவற்றையும் போனில் எடுத்து வைத்திருக்கிறோமே’ என்கிறவர்களுக்கு அதிகம் செலவழிக்க விருப்பமில்லை. எடுத்து வைத்ததை யாரும் திறப்பதில்லை. திறந்தாலும் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு எழுந்துபோகிறோம். படத்தில் மாமா மடியில் உட்கார்ந்திருக்கும் மொட்டைப் பையனைப் பார்க்கலாம். அந்தப் பையன் அப்போது எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது படத்தில் இல்லை.

எனக்கே உறுத்தும் ஒரு விஷயம், இந்த ஆராய்ச்சி முழுக்க அம்மா, அம்மா என்றே போவது. பாதிக்கு அது வசதி: பகலில் ஆய்வாளர் வந்து கதவைத் தட்டினால் வீட்டில் இருந்தவள் அவள். இதை எடுத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஞாபகம் இல்லையென்றால் அம்மா சரியில்லை என்று மாமியார் தொடங்கக் காத்திருப்பாள். அப்படிப் படிக்க இதில் ஒரு நியாயமும் இல்லை. அமெரிக்காவில் கேத்தரின் நெல்சன் ஆராய்ந்த எமிலி என்ற குழந்தை, இரண்டு வயதைச் சுற்றிய மாதங்களில் தொட்டிலில் படுத்துத் தனக்குத்தானே பேசிக்கொண்டது ஒலிநாடாவில் பதிவாகிப் புகழ்பெற்ற ஒன்று. ‘தொட்டிலிலிருந்து கதைகள்’ என்று 1989இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே வந்தது. தூங்கவைக்கும்போது அவளோடு அடிக்கடி பேசிக்கொண்டிருந்தது அப்பா. டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனைத் தடவும் எந்த அப்பாவும் இதைச் செய்யலாம். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. தலைவாரும் நேரம், சோறு ஊட்டும் நேரம் போதும். வகுப்பு, கட்டணம், பயிற்சிப் புத்தகம் எதுவும் வேண்டாம்.

‘கெட்டதை மட்டும் பேசாதீர்கள், அது மறந்துபோவதே நல்லது’ என்பது கடைசி அரண். கேட்கப் பரிவாக இருக்கிறது. 1992இல் ஆண்ட்ரூ புயல் ஃப்ளோரிடாவைப் புரட்டிப்போட்டது. அப்போது மூன்று நான்கு வயதில் இருந்த குழந்தைகளிடம் சில மாதங்களுக்குள் ஒரு முறையும், ஆறு வருடம் கழித்து ஒரு முறையும் அந்தப் புயலைப் பற்றிக் கேட்டார்கள். ஆறு வருடம் கழித்து அவர்கள் சொன்னது முதலில் சொன்னதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மறந்துரும் என்று நம்பி எத்தனை வீடுகளில் வாயை மூடியிருந்தாலும், கூரை பறந்ததைப் பிள்ளை மறக்கவில்லை. மறக்காததைத் தனியாக வைத்துக்கொள்ளும்படி விடுவதா, கூட உட்கார்ந்து பேசுவதா என்பது மட்டும்தான் நம் கையில் இருந்தது. நாகப்பட்டினம் கடற்கரையில் 2004 சுனாமிக்குப் பிறகும், முல்லைத்தீவில் 2009 போருக்குப் பிறகும் இதே கேள்விதான் பெரியவர்கள் முன்னால் நின்றிருக்கும்.

மறக்கவே கூடாத ஒன்று நிஜமாகவே மறந்துபோகும் இடமும் உண்டு. அதுதான் இந்த ‘மறந்துரும்’ செய்கிற பெரிய கேடு. மூன்று வயதில் அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை. நம் வீடுகளில் முதலில் செய்வது, அவள் பேச்சையே எடுக்காமல் இருப்பது. படம் பீரோவுக்குள் போகும். சேலைகள் யாருக்கோ போகும். கேட்டால் ஊருக்குப் போயிருக்கிறாள், சாமிகிட்ட இருக்கிறாள். பாவர் ஆய்வின் கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். ஐந்து வயதில் அந்தப் பிள்ளையிடம் அம்மா இன்னும் இருக்கிறாள்: அவள் குரல், குளிப்பாட்டும்போது சொன்னது, ஒரு அடி, ஒரு சிரிப்பு. ஆறிலும் ஏழிலும் இருக்கிறாள். எட்டு ஒன்பது வயதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுவாள். பிற்பாடு எவ்வளவு அழுதாலும் வராது. நாலு வருட அவகாசம் இருந்தது. அதைப் பரிவு என்ற பெயரில் நாம் வீணடித்தோம்.

அந்தப் பிள்ளையோடு பழையது பேச அம்மா இல்லைதான். ஆனால் சித்தி இருக்கிறாள், அப்பா இருக்கிறார், எதிர்வீட்டு அக்கா இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள். பேச்சை எடுத்தாலே பாட்டி அழுதுவிடுவாள் என்பதற்காக மொத்த வீடும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அழுதால் அழட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்கம்மா உனக்கு எந்தக் குழம்புல சோறு பிசைவா, ஞாபகம் இருக்கா?” என்று கேட்கட்டும். அது ‘ரசம்’ என்றால், “ஆமா, ரசந்தான், மேல கொஞ்சம் நெய்யி, ஒரு வாயி உனக்கு, ஒரு வாயி காக்காவுக்கு” என்று எடுத்துக் கொடுக்கட்டும்.